தோள்பட்டை வலிக்கு ‘தப்பா உட்கார்றது’ மட்டும்தான் காரணமா?

“நேரா உட்காருப்பா, சரியாயிடும்.” தோள்பட்டை வலிக்கிறது என்றால் வீட்டிலும் ஆபீஸிலும் கிடைக்கும் முதல் வைத்தியம் இதுதான். அறிவுரையில் தப்பில்லை. ஆனால், நேராக உட்கார்ந்து எட்டு மணி நேரம் அசையாமல் வேலை பார்ப்பவருக்கும் தோள் வலிக்கிறதே, ஏன்?

மூட்டை தூக்குபவருக்கு வலி வருவது புரிகிறது. மவுஸில் என்ன பாரம் இருக்கிறது? பாரம் மவுஸில் இல்லை, கையில் இருக்கிறது. கை முன்னால் நீண்டிருக்கும்வரை, கழுத்திலிருந்து தோள்வரை படர்ந்திருக்கும் ட்ரபீசியஸ் தசை அதைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. சுமை கம்மி, ஓய்வுதான் இல்லை.

இதை விளக்க ஸ்வீடன் ஆய்வாளர் யோரன் ஹேக் 1991-ல் முன்வைத்ததுதான் ‘சிண்ட்ரெல்லா கருதுகோள்’. லேசான வேலைக்கு முதலில் அழைக்கப்படுபவை தசையின் சிறிய இழைகள். தசை முழுதாகத் தளரும்வரை அவற்றுக்கு லீவு கிடையாது. முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் சிண்ட்ரெல்லா மாதிரி. ‘சும்மா டைப் பண்றதுதானே’ என்பவர்கள் கவனிக்காத இடம் இது.

தொழில்சார் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பான நியோஷ், 1997-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தது. தோள்பட்டைக் கோளாறுக்கும் இரண்டு விஷயங்களுக்கும் தொடர்பு இருப்பதாக அது சொன்னது: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, கையை 60 டிகிரிக்கு மேல் உயர்த்தியே வேலை செய்வது. சுவருக்கு பெயின்ட் அடிப்பவருக்கும் சீலிங்கில் வயரிங் செய்பவருக்கும் இரண்டும் சேர்ந்தே வரும்.

லேப்டாப்பின் சிக்கல் வேறு. திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் கை தூக்கிக்கொள்ளும். கைக்குத் தோதாக வைத்தால் கழுத்து குனியும். தனி கீபோர்டு, மவுஸ் இல்லாமல் இதற்குத் தீர்வே கிடையாது. வீட்டில் டைனிங் டேபிள்தான் ஆபீஸ் என்றால் இன்னொன்றும் சேரும்: மேஜை முழங்கையைவிட உயரமாக இருந்தால், தோள் தானாகக் காதை நோக்கி ஏறும்.

அடுத்தது டெட்லைன். மன அழுத்தத்திலும் இதே ட்ரபீசியஸ் இறுகுகிறது. விலை உயர்ந்த நாற்காலி வாங்கித் தந்துவிட்டு, இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே ஐந்து நிமிஷம்கூட விடாத நிறுவனத்தில் அந்த நாற்காலியால் பெரிய பலன் இருக்காது.

சாயங்காலம் தோள் கனத்து, தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டால் அது பெரும்பாலும் சோர்வு. காலையிலும், லீவு நாளிலும் வலி தொடர்ந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் ‘உறைந்த தோள்’ வரும் வாய்ப்பு அதிகம். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் வேலையையோ நாற்காலியையோ குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேலையால்தான் வலி என்று தெரிந்தாலும், அதை நோயாகச் சட்டம் ஏற்பது வேறு கதை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010 தொழில்நோய் பட்டியலில் தசை, எலும்புக் கோளாறுகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இந்தியத் தொழிற்சாலைகளைப் பல பத்தாண்டுகள் வழிநடத்திய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் பட்டியலில் 29 நோய்கள். ஈய நச்சு உண்டு, சிலிகோசிஸ் உண்டு, இரைச்சலால் வரும் காது கேளாமையும் உண்டு. தோள்பட்டை வலி இல்லை.