செக் அச்சடிக்க சாப்ட்வேர் எதற்கு?

எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பர், செக் பிரிண்டிங் சாப்ட்வேர் வாங்கலாமா என்று சென்ற மாதம் கேட்டார். ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டுமாம். "கையால் எழுதினால் யாராவது திருத்திவிடுவார்கள், அச்சடித்தால் பாதுகாப்பு" என்று விற்க வந்தவர் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றேன்.

அமெரிக்காவில் இதற்கென விற்கும் வெற்றுத் தாளை வாங்கி, காந்த மை டோனர் போட்டு, முழு செக்கையும் வீட்டிலேயே அச்சடிக்கிறார்கள். இங்கே வங்கி தரும் லீஃபில்தான் எழுத வேண்டும். நாம் நிரப்புவது தேதி, பெயர், எழுத்தில் தொகை, எண்ணில் தொகை என நான்கே இடங்கள். இதற்கு எக்ஸெல் போதும்.

சி.டி.எஸ். 2010 முறைப்படி செக்கின் அளவு 202 மி.மீ. நீளம், 92 மி.மீ. அகலம். பிரிண்டர் செட்டிங்ஸில் இதையே கஸ்டம் பேப்பர் சைஸாகக் கொடுங்கள். செக்கை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்கேலால் அளந்து, செல்களின் அகலத்தை அமைத்திடுங்கள். ஜெராக்ஸில் 'வாய்டு' என்ற ஆங்கில வார்த்தை தெரிந்தால் பயப்பட வேண்டாம். போலியைக் காட்டிக் கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு. அடியில் எண்கள் உள்ள வெள்ளைப் பட்டையில் மட்டும் எதுவும் விழக்கூடாது. முதலில் அதே அளவில் வெட்டிய வெற்றுத் தாளில் அச்சடித்து, செக்கின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பெயரிலோ தொகையிலோ பிழை வந்தால் திருத்திக் கையெழுத்துப் போட்டாலும் சி.டி.எஸ். கிளியரிங்கில் செல்லாது. ஒரு லீஃப் வீண்தான்.

தொகையை எழுத்தில் மாற்றும் வேலைதான் தொல்லை. தாய்லாந்து பணத்துக்கு எக்ஸெலில் 'பாத்டெக்ஸ்ட்' என்று ஒரு பங்ஷனே இருக்கிறது, நம் ரூபாய்க்கு இல்லை! மைக்ரோசாப்ட் உதவிப் பக்கத்தில் உள்ள மேக்ரோவோ டாலர், மில்லியன் என்று எழுதும். லட்சம் அதற்குத் தெரியாது. நான் கையால் டைப் செய்கிறேன். கவனமாகச் செய்ய வேண்டும். எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம். நடைமுறையில் செக் திரும்பிவிடும் என்பது வேறு விஷயம். தொகைக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறிகள் போட்டு இடைவெளியை அடைத்திடுங்கள்.

இனி பாதுகாப்புக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் சரக்கு தந்தவருக்கு என் இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடித்து ஒரு செக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் வண்டி ஓட்டிப் போனார். வியர்வையில் பெயர் ஊறிப் போய், வங்கியில் வாங்க மறுத்துவிட்டார்கள். "பணம் தர மனமில்லையா சார்?" என்று அவர் போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. வியர்வைக்கே கரையும் மையை, கரைக்க நினைப்பவன் விடுவானா? லேசர் பிரிண்டரின் டோனர் நீரில் கரையாது. ஆனால் அது தாளின் மேலேயே ஒட்டியிருப்பதால் சுரண்டிப் பார்ப்பவர்களும் உண்டு. அச்சு அழகைத் தரும், பிழையைக் குறைக்கும். மோசடியைத் தடுக்காது.

அதற்கு வேறு வழி இருக்கிறது. 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 'பாசிட்டிவ் பே'யில், 50,000 ரூபாய் முதலான செக்குகளின் எண், தேதி, பெயர், தொகையை வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடலாம். செக் வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதற்குத் தனிச் சாப்ட்வேர் தேவையில்லை, வங்கியின் ஆப் போதும்.

கையெழுத்தையும் ஸ்கேன் செய்து பைலில் வைத்துக்கொள்ளலாமே என்றார் நண்பர். கடைப் பையன் முதல் கணக்குப் பார்ப்பவர் வரை எல்லோரும் உட்காரும் கம்ப்யூட்டர் அது! கூடவே கூடாது என்றேன். மாதம் ஐந்தாறு செக்தான் என்றால் பேனாவே மேல். அவருக்கு முப்பது வரை போகிறதாம். என் எக்ஸெல் பைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, கடையில் இருப்பது லேசரா இங்க்ஜெட்டா என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.