வயிற்றிலே தொட்டில்

கங்காருவைப் படத்திலேனும் பாராத குழந்தை இல்லை. தாயின் பையினின்று எட்டிப் பார்க்கும் அதன் குட்டியைக் கண்டு புன்னகை கொள்ளாத பெரியோரும் இல்லை. ஆனால், அக்குட்டி பிறந்தபோது ஒரு மொச்சைக் கொட்டைப் பருமனே இருந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். கண் திறவாமல், மயிர் முளையாமல் பிறக்கும் அச்சிசு, தாயின் ரோமத்தைப் பற்றித் தானே ஊர்ந்து பையை அடைகிறது. அங்கே முலைக்காம்பைக் கௌவிக்கொண்டு மாதக்கணக்காக வளர்கிறது.

இத்தகைய பைப்பிராணிகளின் தேசம் எது? ஆஸ்திரேலியா என்போம். அது முழு உண்மையன்று. முந்நூறுக்கு மேற்பட்ட வகைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்கக் கண்டங்களிலே வசிக்கிறது. அவற்றுள் ஒபோஸம் என்பது கனடாவின் தென்பகுதி வரை பரவியுள்ளது. தென்னமெரிக்க ஆறுகளிலே வாழும் யாபக் என்பது, பையின் வாயை இறுக மூடிக்கொண்டு நீந்தி மீன் பிடிக்கிறது.

மகா சமுத்திரத்தின் இரு கரையிலும் ஒரே இனம் வாழ்வது எங்ஙனம்? முற்காலத்தில் தென்னமெரிக்காவும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. அண்டார்டிகாவைச் சார்ந்த ஸீமோர் தீவிலே 1982-ல் அகப்பட்ட பைப்பிராணியின் எலும்புகள் இவ்வழியைக் காட்டிக்கொடுத்தன. மேற்கே ஸெலிபிஸ் தீவு வரை இவை வந்துள்ளன. இடையிலுள்ள மக்காஸர் ஜலசந்தியைத் தாண்டிப் போர்னியோவில் ஒன்றுகூட இல்லை.

இவை வாழாத இடமும் அரிது. சமவெளியிலே கங்காரு; யூகலிப்டஸ் மரத்திலே கோவாலா; நியூகினியின் மழைக்காட்டிலே மரமேறும் கங்காரு; பாலை மணலுக்குள்ளே கண் தெரியாத பைத்துன்னெலி.

ஓரிடம் மட்டும் வெறுமையாய்விட்டது. டாஸ்மேனியத் தீவிலே, முதுகில் வரிகளுடன் நாயையொத்த பைப்பிராணி ஒன்று இருந்தது. ஆடுகளைக் கொல்லுகிறதென்று குடியேறிய வெள்ளையர் அதன்மீது பழி சுமத்தினர். 1888 முதல் 1909 வரை, கொன்ற ஒவ்வொரு வளர்ந்த பிராணிக்கும் அத்தீவின் சர்க்கார் ஒரு பவுன் வெகுமதி தந்தது. பின்னர், 1936 ஜூலையிலே அதே சர்க்கார் அதைக் காப்பதற்குச் சட்டம் செய்தது. இரண்டு மாதம் நிறையுமுன், செப்டம்பர் 7-ம் தேதி, ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையிலே அறியப்பட்ட கடைசிப் பிராணி மாண்டது.

2022-ல் குவீன்ஸ்லாந்து, நியூ ஸவுத் வேல்ஸ் மாகாணங்களின் கோவாலாக்கள் அழியும் அபாயத்திலுள்ள பிராணிகளின் பட்டியலிலே சேர்க்கப்பட்டன. மரத்தை வெட்டிவிட்டு, மரத்திலே வாழும் பிராணியைப் பட்டியலிலே வைத்துக் காப்பாற்ற முடியுமா? இம்முறையேனும் சட்டம் சாவுக்கு முந்திக்கொள்ளட்டும்.