உல்லாசம் ஒருவருக்கு, ஆபத்து மற்றவருக்கா?

கண்டி மலைகளில் தொடங்கி, கோட்டக்கலை, நோர்வூட், பொகவந்தலாவை தோட்டங்களினூடாக நுவரெலியாவில் முடிகிறது 'பெக்கோ' நடைபாதை. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இப்பாதையில் உல்லாசப் பயணிகள் நடந்து மகிழ்கின்றனர். அவர்களது வருகையை நாம் வெறுக்கவில்லை. ஆனால், அம்மகிழ்ச்சிக்கு விலை கொடுப்பவர் யார் என்பதைக் கேட்காதிருக்க முடியாது.

19ஆம் நூற்றாண்டில் மலையக மக்களின் முன்னோரைக் கொண்டே துரைமார் காடழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்டனர். எஞ்சியவை மலையுச்சித் தோப்புகளும் ஓடைக்கரைத் துண்டுகளுமே. சிறுத்தையும், பன்றியும், முள்ளம்பன்றியும், மந்தியும் ஒதுங்க வேறிடமில்லை. நுவரெலியா நகரின் ஓரத்திலுள்ள கால்வேஸ் லேண்ட், 2006இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது; அதன் பரப்போ ஏறத்தாழ 30 ஹெக்டேயர்தான்.

ஆறு கண்டங்களின் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய 76 ஆய்வுகளைத் தொகுத்து, 2018இல் அறிஞர்கள் ஓர் உண்மையை வெளியிட்டனர். மனிதர் நடமாடும் இடங்களில் விலங்குகள் பகலை விட்டு இரவுக்கு ஒதுங்குகின்றன. வேட்டைக்காரனுக்கு மட்டுமன்றி, வெறுங்கையுடன் நடப்பவனுக்கும் அவை அஞ்சுகின்றன. பெருங்காட்டில் உள்ளே விலகிச் செல்ல இடமுண்டு. துண்டுக் காட்டில் ஏது? அங்கிருந்து விரட்டப்படும் விலங்கு இருளில் தேயிலைக்குள்தான் இறங்க வேண்டும். விடியற்கால மூடுபனியில் பிரட்டுக்களத்துக்குப் புறப்படும் தொழிலாளியும், பள்ளிக்கு நடக்கும் பிள்ளையும் அதே வழியில்தான் செல்கின்றனர்.

அச்சம் நீங்குவதும் கேடே. ஹோர்ட்டன் சமவெளியில் பயணிகள் ஊட்டிய உணவுக்குப் பழகிய மரைகள், வாகனத் தரிப்பிடத்தில் இரந்து நிற்கின்றன.

1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சிறுத்தையைக் காக்கிறது. எனினும் 2020 மே மாதத்தில், நல்லதண்ணி லக்ஸபான தோட்டத்தில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் மாண்டது. உல்லாசப் பயணிகளை அதற்குக் குற்றஞ்சாட்ட நாம் முனையவில்லை. காட்டோரத்துக்குத் தள்ளப்படும் விலங்குக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்பதை அது காட்டிற்று. கண்ணி வைப்பது குற்றம். அதற்குச் சமாதானம் கூறோம். ஆயின், கடமை லயத்தில் வாழ்வோனுக்கு மட்டுந்தானா? பாதை வகுத்து வருமானம் பெறுவோர்க்கு இல்லையா?

ஆகவே, வனசீவராசிகள் திணைக்களமும், சுற்றுலா அதிகாரசபையும், தோட்டக் கம்பனிகளும் கூடி முடிவு செய்ய வேண்டியவை இவை: சூரியன் உதித்த பின்னரே நடை தொடங்கி, மறைவதற்கு முன் முடிய வேண்டும். மலையுச்சித் தோப்புகளும் ஓடைக்கரைக் காடுகளும் பயணிகளுக்கு மூடப்பட வேண்டும். இரவில் விளக்கடித்து விலங்கு தேடுவதும், உணவூட்டுவதும், குப்பை வீசுவதும் தண்டிக்கப்பட வேண்டும். பாதையின் வருமானத்தில் ஒரு பங்கு, விலங்கினால் காயமுறும் தொழிலாளர்க்கு நட்டஈடாக ஒதுக்கப்பட வேண்டும். எந்தப் பாதையும் லயத்து மக்களைக் கேளாமல் திறக்கப்படலாகாது.

காட்டை இழந்த விலங்கும், காணி உரிமைக்காக இன்றும் காத்திருக்கும் தொழிலாளியும் ஒரே மலையில் ஒருவருக்கொருவர் அஞ்சி வாழ்கின்றனர். இவ்விருவரையும் மோதவிட்டு வளரும் உல்லாசத் தொழிலை நாட்டின் முன்னேற்றம் என நாம் ஏற்கமாட்டோம்.