கட்டுமான அட்டவணையில் இடம்பெறாத வீடுகள்

போத்தனூரிலிருந்து கோவை நகருக்குள் செல்வோரில் பெரும்பாலோர் ஆத்துப்பாலத்தைக் கடந்தே செல்கின்றனர். பாலக்காட்டுச் சாலையும் பொள்ளாச்சிச் சாலையும் பிரிகிற அந்தச் சந்திப்பின் நெரிசலைக் குறைப்பதற்காக 2018-இல் தொடங்கப்பட்ட உக்கடம்–ஆத்துப்பாலம் மேம்பாலம், 2024 ஆகஸ்ட் 9 அன்று முதலமைச்சரால் திறந்துவைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர், செலவு 481 கோடி ரூபாய். பாலம் தேவைதான். அந்தச் சந்திப்பில் பேருந்துக்குள் அரை மணி நேரம் வெந்திருக்கும் எவரும் அதை மறுக்க மாட்டார்.

உக்கடத்தில் சி.எம்.சி. காலனி என்றொரு குடியிருப்பு உண்டு. இந்நகரத்தின் சாக்கடையையும் குப்பையையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களின் குடியிருப்பு அது. மேம்பாலப் பணிக்காக அங்கு வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் தற்காலிகக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. மாற்று வீடுகளை வாழ்விட மேம்பாட்டு வாரியம் அடுக்குமாடியாகக் கட்டித்தரும் என்பது ஏற்பாடு. இடித்ததற்கும் கட்டிக்கொடுப்பதற்கும் இடையே ஆண்டுகள் ஓடின. வீட்டை எப்போது தருவீர்கள் என்ற மனுவோடு அம்மக்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் நடந்துகொண்டிருந்தனர்.

இதை அதிகாரிகளின் அலட்சியம் என்று சொல்வது நமது இயக்கங்களின் வழக்கம். சாதியப் புறக்கணிப்பு என்று சொல்வது அதைவிடச் சரியான சொல். ஆனால் அந்தப் புறக்கணிப்பு எந்தக் காகிதத்தில், எந்தக் கட்டத்தில், யார் கையெழுத்தோடு நிகழ்கிறது என்று கேட்டால் நம்மிடம் விடை இருப்பதில்லை. அந்த விடை கட்டுமானத் திட்ட மேலாண்மை என்ற துறைக்குள் இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் ஒரு பருவத் தேர்வுக்காகப் படித்து மறந்துவிடும் பாடம் அது. சட்டம் படித்த நாமோ அதைத் தொட்டதே இல்லை.

எந்தப் பெரிய கட்டுமானத்துக்கும் ஒரு பணி அட்டவணை உண்டு. மண் பரிசோதனை, நிலத்தை ஒப்படைத்தல், அடித்தளம், தூண், தளம் என ஒவ்வொரு வேலையும் எத்தனை நாள், எந்த வேலை முடிந்த பின் எது தொடங்கும் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். 1957-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் தன் ஆலைப் பணிகளுக்காக ஒரு கணக்கீட்டு முறையை உருவாக்கியது. அதற்குக் கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். ஒரு திட்டத்தின் நூற்றுக்கணக்கான வேலைகளில், எந்தத் தொடரில் ஒருநாள் தாமதமானாலும் முழுத் திட்டமும் ஒருநாள் தாமதமாகுமோ, அந்தத் தொடரே கிரிட்டிக்கல் பாத். அதில் இல்லாத வேலைகளுக்குச் சற்று அவகாசம் உண்டு. தள்ளிப்போட்டாலும் திட்டத்தின் முடிவு நாள் மாறாது. அந்த அவகாசத்துக்கு ஃப்ளோட் என்று பெயர்.

இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு ஓர் இடப்பெயர்வைப் பார்த்தால் போதும். நிலத்தைக் காலிசெய்து ஒப்பந்ததாரரிடம் ஒப்படைப்பது கிரிட்டிக்கல் பாதில் இருக்கிறது. அது ஒருநாள் தள்ளிப்போனால் பொறியாளருக்கு மேலிடத்திலிருந்து தொலைபேசி வரும். அங்கிருந்தவர்களுக்கு மாற்று வீடு கட்டுவது பெரும்பாலும் அந்த அட்டவணையிலேயே இருப்பதில்லை. அது வேறொரு துறையின், வேறொரு நிதி ஒதுக்கீட்டின், வேறொரு டெண்டரின் வேலை. பாலத்தின் கணக்கில் அதற்கு முடிவற்ற ஃப்ளோட். எத்தனை ஆண்டுகள் தாமதித்தாலும் பாலத் திறப்பு விழாவின் தேதி மாறாது.

ஒப்பந்தங்களில் பணமும் இதே வழியில்தான் ஓடுகிறது. ஒப்பந்ததாரர் வேலையைத் தாமதித்தால் தாமத இழப்பீடு செலுத்த வேண்டும். அரசு குறித்த நாளில் நிலத்தை ஒப்படைக்காவிட்டால் ஒப்பந்ததாரர் கால நீட்டிப்புக் கேட்கலாம். பன்னாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களில் பயன்படும் ஃபிடிக் மாதிரி ஒப்பந்தத்தின்படி கூடுதல் செலவையும் கேட்கலாம். மூன்றாவதாக ஒரு தாமதம் உண்டு: வீடிழந்தவருக்கு வீடு தருவதில் நேரும் தாமதம். அதற்கு யாரும் யாருக்கும் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. தகரக் கூரையின் கீழ் கழிகிற கோடைகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் போத்தனூரை அடுத்த ஒரு குடியிருப்பின் மக்கள் காலிசெய்யும் நோட்டீசோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தனர். நாங்கள் உடனடியாக நீதிமன்றம் சென்றோம். வாழ்வுரிமை, மாற்றிடம், போதிய அவகாசம் என்று வாதிட்டோம். எதிர்த்தரப்பு ஒரே ஒரு தாளை நீட்டியது. வண்ணக் கோடுகள் கொண்ட பணி அட்டவணை. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, இயந்திரங்கள் வந்துவிட்டன, ஒவ்வொரு நாளும் மக்கள் வரிப்பணம் வீணாகிறது என்றனர். எங்களுக்குக் கிடைத்தது கூடுதலாகச் சில வாரங்கள் மட்டுமே. சட்டத்தில் நாங்கள் பலவீனமாக இல்லை. பந்தி முடிந்து இலை எடுக்கும்போது போய் நின்றிருந்தோம், அவ்வளவுதான். டெண்டர் அறிவிப்பு வந்த அன்று நாங்கள் எங்கே இருந்தோம் என்று அந்த அம்மாக்கள் கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இருந்திருக்காது. அவர்கள் கேட்கவில்லை.

காலம் கடந்தால் சட்டமும் நம் பக்கம் நிற்பதில்லை. குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட 20-ஏ பிரிவு, உட்கட்டமைப்புத் திட்ட ஒப்பந்தம் தொடர்பான உரிமையியல் வழக்குகளில், திட்டம் தாமதமாகும் வகையில் நீதிமன்றம் தடையாணை வழங்கக் கூடாது என்கிறது. சாலை, பாலம், குடிநீர், கழிவுநீர் எல்லாம் அந்தப் பட்டியலுக்குள் வருகின்றன. அரசமைப்பின் 226-ஆவது உறுப்பின் கீழான நீதிப்பேராணைக்கு அந்தத் தடை பொருந்தாது என்று நாம் வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் நாடாளுமன்றம் காட்டிய திசை எது என்பது நீதிமன்ற அறைக்குள்ளும் உணரப்படுகிறது.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் இந்த வரிசையைத் திருத்த முயன்றது. அதன் 38-ஆவது பிரிவு, இழப்பீடும் மறுவாழ்வுக்கான தொகையும் வழங்கப்பட்டதை உறுதிசெய்த பின்னரே ஆட்சியர் நிலத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்கிறது. பாசனத் திட்டங்களில் நிலம் நீரில் மூழ்குவதற்கு ஆறு மாதம் முன்பே மறுகுடியமர்வு முடிந்திருக்க வேண்டும். உலக வங்கிக் கடனில் நடக்கும் திட்டங்களிலும், இடம்பெயர்ந்தோருக்கு உரியதைச் செய்த பிறகே நிலத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. ஆக, மறுகுடியமர்வை முதலிலும் கட்டுமானத்தைப் பின்னரும் வைப்பது மேலாண்மை விதிகளுக்குப் புறம்பானதன்று. கடன் கொடுப்பவர் கேட்டால் முடிகிறது. பட்டா உள்ளவருக்கும் ஓரளவு முடிகிறது. புறம்போக்கிலோ, மாநகராட்சி நிலத்திலோ, ரயில்வே நிலத்திலோ வாழ்பவருக்கு மட்டும் முடிவதில்லை. அங்கே அரசு நிலத்தைக் 'கையகப்படுத்துவதே' இல்லையே, அது அரசின் நிலம்தானே என்று சொல்லிவிடுகின்றனர். பட்டா யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வரலாற்றை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2010-இல் சுதாமா சிங் வழக்கிலும் 2019-இல் அஜய் மாக்கன் வழக்கிலும், கணக்கெடுப்பும் மறுவாழ்வும் இல்லாமல் குடிசைவாசிகளை வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல என்றாலும் நம் மனுக்களில் இடம்பெற வேண்டியவை.

ஒரு திட்டம் எந்த முறையில் நிறைவேற்றப்படுகிறது என்பதைப் பொறுத்து நாம் தட்ட வேண்டிய கதவும் மாறுகிறது. பழைய முறையில் துறையே வரைபடம் போட்டு, மதிப்பீடு தயாரித்து, 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி ஒப்பந்தப்புள்ளி கோரி, தகுதியுள்ளோரில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலையைத் தருகிறது. இதில் வரைபடம் துறையிடம் இருப்பதால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற வழியுண்டு. இ.பி.சி. எனப்படும் முறையில் வடிவமைப்பும் கட்டுமானமும் மொத்தத் தொகைக்கு ஒரே நிறுவனத்திடம் போகின்றன. விரிவான வரைபடத்தை நிறுவனம்தான் போடும். பாதையைச் சற்று நகர்த்தினால் பத்து வீடுகள் தப்பும் என்று நாம் யாரிடம் சொல்வது? மூன்றாவது, தனியாரே முதலிட்டுக் கட்டி, பல ஆண்டுகள் நடத்தி, கட்டணம் வசூலித்து, பிறகு ஒப்படைக்கும் முறை. கோவைக்கு இது புதிதன்று. நீலாம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலை 1990-களின் இறுதியில் இம்முறையில்தான் வந்தது; நொய்யல் மீதான ஆத்துப்பாலத்தைக் கடக்கவும் பல ஆண்டுகள் சுங்கம் கட்டினோம். 2018-இல் மாநகராட்சி சூயஸ் நிறுவனத்துடன் செய்த குடிநீர் ஒப்பந்தம் 26 ஆண்டுகளுக்கானது. இத்தகைய ஒப்பந்தங்களைக் கேட்டால், வணிக இரகசியம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுப்பது எளிது. பொதுநலன் மேலோங்கும்போது அந்த விலக்கு செல்லாது என்பதும் அதே பிரிவில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதை மேல்முறையீட்டில் நினைவூட்ட வேண்டும்.

எந்த முறையாயினும் வேலை கீழே இறங்கி வரும் விதம் ஒன்றே. பெரிய நிறுவனம், அதன் துணை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி, அவருக்குக் கீழே கொத்தனாரும் சித்தாளும். கொங்குப் பகுதியில் மேல் படிகளில் எந்தச் சாதியினர், கலவைச் சட்டி சுமக்கும் கடைசிப் படியில் எந்தச் சாதிப் பெண்கள் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. காலை ஏழு மணிக்கு ஆள் நிற்கும் எந்தச் சந்திப்புக்குப் போனாலும் தெரியும். இப்போது அந்தக் கடைசிப் படியில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் நிற்கின்றனர். ஒவ்வொரு படியிலும் லாபம் மேலே தங்கிவிடுகிறது. ஆபத்து மட்டும் கீழே இறங்குகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கையை 20-லிருந்து 50 ஆக உயர்த்திவிட்டது. 49 பேராகப் பிரித்து வேலை வாங்கும் துணை ஒப்பந்ததாரருக்கு இனி அந்த விதிகளைப் பற்றிய கவலை இல்லை.

குறைந்த விலையும் பல படிகளும் சேர்ந்தால் மறுகுடியமர்வு வீட்டின் சுவர் எப்படி இருக்கும் என்பதை 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் கண்டோம். கையால் தேய்த்தாலே பூச்சு உதிர்ந்தது. வாரியத்தின் பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர், ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வு செய்தனர். குடியேறியவர்கள் கைப்பேசியில் காணொளி எடுத்து வெளியிட்டிராவிட்டால் அந்த ஆய்வு நடந்திருக்குமா என்பது வேறு கேள்வி. தரக் கட்டுப்பாடு என்பதும் திட்ட மேலாண்மையின் ஒரு பகுதியே. அதைச் செய்தவர்கள் ஏழை வீட்டுப் பெண்கள்.

எந்த மேலாண்மையும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மேட்டுப்பாளையம் நடூரை நாம் மறக்கலாகாது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில், ஏறத்தாழ 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் அருந்ததியர் குடியிருப்பின் மீது சரிந்து 17 பேர் இறந்தனர். அந்தச் சுவரைப் பற்றி அம்மக்கள் முன்பே அஞ்சி முறையிட்டிருந்தனர். ஒரு கட்டுமானத்தின் ஆபத்துகளை முன்கூட்டிப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரை எழுதுவது மேலாண்மையின் முதல் பாடங்களில் ஒன்று. சுவருக்கு அப்பால் இருப்பவர்களை மனிதர்களாகக் கணக்கில் கொள்ளாதபோது பட்டியலுக்கு அவசியமே எழுவதில்லை.

இப்போது ஏன் இதை எழுதுகிறோம் என்றால், கோவையின் அடுத்த பெரிய திட்டம் இன்னும் காகிதத்தில் இருக்கிறது. உக்கடம், அவிநாசி சாலை, சத்தி சாலை வழியே முன்மொழியப்பட்ட மெட்ரோ ரயிலின் திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பியனுப்பியது. அதையொட்டிய கட்சிச் சண்டையில் ஒரு கேள்வி எங்கும் எழவில்லை. மெட்ரோ வருமா வராதா என்பதை அவர்கள் பேசட்டும். வந்தால் அதன் அட்டவணையில் உக்கடத்து மக்கள் எந்த வரியில் இருப்பார்கள்?

அந்த வரியை நாம்தான் கேட்டு எழுதவைக்க வேண்டும், திட்ட அறிக்கை திருத்தப்படும் இந்தக் கட்டத்திலேயே. மாற்று வீட்டின் சாவியை ஒப்படைப்பது ஒப்பந்தத்தில் ஒரு மைல்கல்லாக, நிலத்தை ஒப்படைக்கும் வேலைக்கு முந்தைய வேலையாக இடம்பெற வேண்டும். அது முடியாமல் அடுத்த வேலை தொடங்க முடியாதபடி இணைக்கப்பட வேண்டும். அப்போது வீடு தாமதமானால் பாலமும் தாமதமாகும். மேலிடத் தொலைபேசி வீட்டுக்காகவும் ஒலிக்கும். வீடு கட்டும் நிதி வேறு துறையிலிருந்து வராமல் அதே திட்டத்தின் மதிப்பீட்டுக்குள் இருக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகைத் தொகை கேட்காமலே வரவேண்டும்.

மக்களைப் பாதிக்கும் முடிவுகளின் விவரங்களை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி) பிரிவு. இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு, குறிப்பாகக் கட்டடப் பொறியியல் படிப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் நடக்கும் ஏதாவது ஓர் அரசுக் கட்டுமானத்தின் நான்கு ஆவணங்களைத் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள்: விரிவான திட்ட அறிக்கை, ஒப்பந்த நகல், பணி அட்டவணை, நிலம் ஒப்படைத்த நாளின் பதிவு. கிடைத்தவற்றோடு எங்களிடம் வாருங்கள். வண்ணக் கோடுகளை நீங்கள் எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். மனுவை நாங்கள் எழுதுகிறோம்.