கோட்டை விட்டவரும் கோட்டைப் பக்கமே போகாதவரும்

கோல் தவறும் கணத்தில் ரசிகர் எந்த வினைச்சொல்லைத் தேர்கிறார் என்பது மொழியியலாளர் கவனிக்கத்தக்கது. 'வாய்ப்பு தவறியது' என்று தமிழில் சொல்ல இயலும். அங்கே குற்றவாளி எவரும் இல்லை. ஆனால் ரசிகர் வாயில் எழுபவை 'தவறவிட்டான்', 'நழுவவிட்டான்', 'கோட்டை விட்டான்' ஆகியவை. மூன்றிலும் 'விடு' நிற்கிறது. வசம் இருந்ததைத்தான் விட முடியும். எனவே இந்த வசவுகள் ஒவ்வொன்றிலும், வாய்ப்பு அந்த வீரரின் காலடிவரை வந்திருந்தது என்ற ஒப்புதலும் அடங்கியிருக்கிறது. வசவு மட்டுமே காதில் விழுகிறது.

2020-21 இந்தியன் சூப்பர் லீக் பருவம் இதற்குத் தக்க சான்று. சென்னையின் எஃப்சி 20 ஆட்டங்களில் 17 கோல்களே அடித்தது. வெற்றி 3, தோல்வி 6, சமன் 11. பட்டியலில் எட்டாம் இடம். பெருந்தொற்றினால் ஆட்டங்கள் அனைத்தும் கோவாவில், பார்வையாளரின்றி நடந்தன. சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் அப்பருவத்திற்குச் சற்று முன்னர்தான், 2020 ஆகஸ்ட் 10 அன்று, தொடங்கிவைக்கப்பட்டிருந்தது. மரைன் ஹில்லில் இருக்கும் தமிழ் ரசிகருக்கும் சென்னை ரசிகருக்கும் அந்த ஆண்டு திரை ஒன்றே அரங்கம். நேரு விளையாட்டரங்கின் இரைச்சலில் கரைந்திருக்கக்கூடிய வசவுக்கு அப்போது எழுத்தைத் தவிர வேறு இடமில்லை. கூச்சல் அன்றிரவே அடங்கிவிடும். எழுத்தோ வீரரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

ரசிகர் தரப்பிலும் நியாயம் உண்டு. கால்பந்தின் மதிப்பெண் பலகை வீணான வாய்ப்புகளைப் பதிவு செய்வதில்லை. பத்து முறை கோலை நெருங்கிய அணிக்கும் ஒருமுறைகூட நெருங்காத அணிக்கும் அது ஒரே பூச்சியத்தைத் தருகிறது. அந்தப் பத்தையும் நினைவில் வைத்திருப்பது ரசிகரின் ஆற்றாமை மட்டுமே.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் நிலைமை வேறு. நடுக்கம்பங்களுக்கு இடையே பந்து சென்றால் 6 புள்ளி. நடுக்கம்பத்துக்கும் பக்கக் கம்பத்துக்கும் இடையே விலகிச் சென்றால் 'பிஹைண்ட்' என்ற பெயரில் 1 புள்ளி. குறி பிசகியதற்கும் அங்கே கணக்கு உண்டு. 2008 இறுதிப் போட்டியில் ஜீலாங் அணி 11 கோல், 23 பிஹைண்ட் எடுத்து 89 புள்ளியோடு தோற்றது. ஹாதார்ன் 18 கோல், 7 பிஹைண்டோடு 115 புள்ளி பெற்று வென்றது. 34 முறை புள்ளி எடுத்த அணியை 25 முறை எடுத்த அணி வீழ்த்தியதைப் பலகையே காட்டிவிடுகிறது. ஆயினும் அந்த 23-இல் ஏறத்தாழப் பாதி, ஹாதார்ன் வீரர்களே ஆபத்தைத் தவிர்க்கப் பந்தைத் தம் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தள்ளியதால் வந்தவை. வேண்டுமென்றே அவ்வாறு தள்ளுவதற்கு எதிராக அடுத்த ஆண்டே விதி வந்தது. தவறிய வாய்ப்பு எல்லாம் தவறவிட்டவரின் குற்றமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இந்தியக் கால்பந்துக்கு இது சொல்லாராய்ச்சியோடு முடியும் செய்தியன்று. 2024 ஜூன் 6 அன்று குவைத்துடன் கோலின்றி முடிந்த ஆட்டத்தோடு சுனில் சேத்ரி விடைபெற்றார். 2025 மார்ச்சில், 40 வயதில், அவரையே திரும்ப அழைக்க நேர்ந்தது. கோலடிப்பவர் பஞ்சம் அவ்வளவு ஆழமானது. இந்நிலையில், பந்தைத் தேடிக் கோல்முகம்வரை ஓடித் தவறும் இளம் முன்கள வீரர் ஒவ்வொரு முறையும் ஏச்சு வாங்குகிறார். பின்னாலேயே நின்று, பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிட்டுப் பொழுதைக் கழிப்பவரை வைய நம்மிடம் ஒரு வினைச்சொல்கூட வழக்கில் இல்லை. இந்த ஏற்பாட்டில் எது பாதுகாப்பான ஆட்டம் என்பதை இளைஞர் விரைவில் கற்றுக்கொள்வார்.

ரசிகர் மௌனமாக இருக்கவேண்டும் என்பதன்று வாதம். 'கோட்டை விட்டான்' என்று எழுதுபவர், கோட்டைவரை சென்றதையும் அதே வரியில் எழுதினால் போதும். அந்தப் பருவத்தின் 11 சமன்களையும் அவ்வாறு எழுதியிருந்தால் வசவு சற்றுக் குறைந்திருக்கும். ஆட்டத்தைப் பற்றிய பதிவு மேலும் துல்லியமாக இருந்திருக்கும்.