அனுப்பினால் மட்டும் போதுமா?

மாணாக்கரை அயல்நாட்டுக் கல்விக்கு அனுப்புதல் பாராட்டுக்குரிய செயலே. ஆயின், கப்பலேற்றிவிட்ட அளவில் ஓர் அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. சப்பானியரின் பட்டறிவு இதற்குச் சான்று.

1871-இல் இவாகுரா தொமோமி தலைமையில் சென்ற தூதுக்குழுவோடு, பெண்மக்கள் ஐவரையும் அந்நாட்டரசு தன் செலவில் அமெரிக்காவுக்குக் கற்க அனுப்பியது. அவருள் இளையவரான துசுடா உமேகோவுக்கு அகவை ஆறு. 1882-இல் அவர் தாயகம் மீண்டார். ஆங்கிலம் நிறைந்திருந்தது, தாய்மொழி மறந்திருந்தது! ஈன்றாரோடு பேசவும் இடர்ப்பட்டார். அனுப்பிய அரசோ, அவருக்கென எப்பணியையும் எண்ணி வைத்திருக்கவில்லை. பொருள் நல்கியோர், மொழியையும் காக்கவில்லை. அறிவைப் பயன்கொள்ளவும் முனையவில்லை.

உமேகோ சோர்ந்தாரல்லர். தாய்மொழியை மீண்டும் கற்றார். 1889-இல் மறுபடியும் அமெரிக்கா சென்று பிரின் மார் கல்லூரியில் பயின்றார். அங்குள்ள நண்பர்தம் துணையோடு, தம் நாட்டுப் பெண்கள் அங்கு வந்து பயில உதவித்தொகைக்கு வழிவகுத்தார். 1900-இல் தோக்கியோவில் அவர் நிறுவிய பெண்கள் பள்ளியே இன்றைய துசுடா பல்கலைக்கழகம். 2024 முதல் 5,000 யென் பணத்தாளில் அவர் உருவம் விளங்குகின்றது.

அரசு மறந்ததைத் தனியொருவர் ஈடுசெய்தார். எல்லாரும் உமேகோ ஆதல் இயலுமோ?

அயல்நாட்டுக் கல்லூரிகளோடு உடன்படிக்கை செய்வோர் மூன்றினை உறுதிசெய்தல் வேண்டும்: செல்வோர்க்குப் பொருள், தங்குங்கால் தாய்மொழிப் பயிற்சி, மீள்வோர்க்குத் தக்க பணி. ஒன்று குறையினும், விதைத்தவர் ஒருவராகவும் அறுப்பவர் வேறொருவராகவுமே முடியும்.

அறிவு எத்திசையினின்றும் வருக! அதன் வேர் தாய்மொழியில் ஊன்றுக!