பட்டியலுக்கு வெளியே

"எழுதிக்கொடுத்த பரீட்சைகள் அனைத்திலும் தேறிவிட்டது, ஆகவே இந்த சாப்ட்வேரில் குறை இல்லை" என்று சாதிக்கும் மேதாவிகள் பெருகிவிட்டார்கள். பட்டியலைப் பிடித்துக்கொண்டு சரிபார்ப்பதுதான் ஒழுங்காம். ஒரு மனிதன் சொந்தப் புத்தியைக் கொண்டு துருவிப் பார்த்தால் அது வெறும் விளையாட்டாம். எங்கள் ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளைகளும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறார்கள். மூளையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று அவர்களிடம் சொல்லும் இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பட்டியல் என்பது என்ன? நேற்று யாருக்கோ தோன்றிய சந்தேகங்களின் ஜாபிதா. அவருக்குத் தோன்றாத ஆபத்து அதில் எப்படி இருக்கும்?

பட்டாசுத் தொழிலில் ஊறிய நம் சீமைக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? ஒரு ஷெட்டில் 4 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. தலைகளை எண்ணத்தான் வேண்டும். ஆனால் அனுபவமுள்ள ஃபோர்மேன் எண்ணியதோடு திரும்பிவிடுவாரா? மருந்தில் ஈரம் பட்டதா, பட்டிருந்தால் எந்தக் கலவையில், அதை எங்கே காயப்போட்டார்கள், வாசல் வழி அடைபட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவார். ஒரு பதிலின் வயிற்றில் அடுத்த கேள்வி பிறக்கிறது. இந்த முறைக்குத்தான் 1980களில் கேனர் என்ற அமெரிக்கர் 'எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங்' என்று பெயர் வைத்தார். நாம் துருவல் சோதனை என்போமே!

1986-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில், டைலர் நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனையில் தெராக்-25 என்ற கதிர்வீச்சு யந்திரம் ஒரு நோயாளியை அளவுமீறிச் சுட்டது. கம்பெனிப் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள், குறை அகப்படவில்லை. யந்திரம் மறுபடி ஓடியது. மூன்றே வாரத்தில் இன்னொருவரைச் சுட்டது. இருவருமே அந்தக் காயத்தால் மாண்டார்கள். பிறகு அந்த மருத்துவமனையின் பௌதிக நிபுணர் ஃபிரிட்ஸ் ஹேகர், யந்திரத்தை இயக்கிய பெண்மணியோடு உட்கார்ந்து, அவர் விசைகளைத் தட்டிய விதத்தையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். பிழை சிக்கிற்று. தவறாகத் தட்டியதைத் திருத்தி, 8 விநாடிக்குள் மற்றதையும் முடித்துவிட்டால் யந்திரம் அந்தத் திருத்தத்தைக் கவனிப்பதில்லை! நிதானமாகத் தட்டுகிறவருக்கு அது ஆயுளுக்கும் அகப்படாது. கைதேர்ந்தவரின் வேகத்தை எந்தப் பட்டியல் எழுதிவைத்திருந்தது?

"ஆளுக்கு ஆள் மாறுமே, கணக்குக் காட்ட முடியுமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக முடியும். எந்த ஆபத்தைத் தேடுகிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். காலத்துக்கு வரம்பு கட்ட வேண்டும். செய்ததையும் கண்டதையும் உடனுக்குடன் குறித்துவைத்து, முடிந்ததும் இன்னொருவர் முன் விளக்க வேண்டும். ஜேம்ஸ் பாக், ஜோனதன் பாக் என்னும் சகோதரர்கள் 2000-லேயே இதை முறையாக வகுத்துவிட்டார்கள். பட்டியலில் குறியிடுவதைவிட இது கடினமான ஒழுங்கு; குறியிடுகிறவன் தூங்கிக்கொண்டே குறியிடலாம், துருவுகிறவன் தூங்க முடியாது.

திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய சரிபார்ப்பை யந்திரமே செய்யட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் சந்தேகப்படுவது மனிதனின் வேலை. "பட்டியலில் இல்லை" என்று அந்தச் சந்தேகத்தின் வாயைப் பொத்துகிற முதலாளிகள் சம்பளச் செலவை மிச்சம் பிடிக்கலாம். அந்த மிச்சத்துக்கு விலை கொடுக்கப் போகிறவர்கள், பட்டியலையே பார்த்திராத ஜனங்கள்.